ஒரே ஒரு ‘சொன்னார்’

1

“உங்க ஊர்ல சூரிய உதயம் எத்தனை மணிக்கு சார்?” என்று கேட்டார் ஐயர்.

தாம்பரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவின் முதல் வருஷ திதியை நான் இங்கிருந்தே வீடியோவில் செய்ய நேரம் குறிக்க வேண்டும். அவர் கையில் பஞ்சாங்கம், காதில் நான்.

“ஜனவரி பாதிக்கு மேல சாமி.”

“மணி கேட்டேன் சார்.”

“மணிதான் சாமி இல்ல. நவம்பர் கடைசில போன சூரியன். பொங்கல் வாக்குலதான் திரும்பி வரும்.”

அவருக்குப் பின்னால் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை யோசித்தார்.

“அப்போ பொழுது விடிஞ்சதை எப்படித் தெரிஞ்சுக்கறீங்க?”

“அலாரம் வெச்சுத்தான்.”

“காக்காயாவது உண்டா?”

“உண்டு சாமி. பாதி சாம்பல் கலர்.”

“அது பரவாயில்ல.” பக்கம் புரட்டும் சத்தம். “சரி விடுங்க. உங்ககிட்ட இல்லேன்னா என்ன, இங்கத்து சூரியனையே வெச்சிக்கலாம்.”

பத்தொன்பது வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறேன். ஒரு சூரியனையே இப்படித் தூக்கிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

நான் இருப்பது நார்வேயின் வடகோடி. தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவன், இங்கே நகராட்சியின் தண்ணீர்க் குழாய்கள் குளிரில் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்குக் காவல் இருக்கிறேன். குழாய்கள் உறைவதில்லை. நவம்பர் பிறந்தால் நான் உறைந்துவிடுகிறேன். தமிழில் பொழுது என்றால் சூரியனும்தான், நேரமும்தான். ஒரு காலத்தில் வேலை கேட்டு அனுப்பிய காகிதங்களில் எல்லாம் ‘பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல்’ என்று எழுதியிருக்கிறேன். இங்கே பொழுதை யாரும் போக்க வேண்டியதில்லை. அதுவே போய்விடுகிறது.

2

சூரியன் விஷயத்தை ஐயர் தீர்த்துவிட்டார். அக்கா விஷயத்தைத் தீர்க்க அவரிடம் பஞ்சாங்கம் இல்லை.

அக்கா பெயர் மல்லிகா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அம்மா போன பிறகு அப்பாவும் அவளும் மட்டும் இரும்புலியூர் வீட்டில். அப்பா ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சரிபார்க்கும் வியாதி அவரை விடவில்லை. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தினம் ஏறிப் பார்த்தாக வேண்டும். எண்பது வயதில், ஒரு தடவை விழுந்த பிறகும்.

அப்பாவின் கடைசி நாள் காலையில் அக்கா மாடிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டாள். அப்பா கத்தினார். அவளும் கத்தினாள். “ஏறி விழுந்து செத்துத் தொலைங்க, ஆஸ்பத்திரிக்கு அலைய என்னால முடியாது” என்று சொல்லிவிட்டாள். அப்பா டிபன் சாப்பிடவில்லை. மத்தியானமும் சாப்பிடவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு எனக்கு போன் பண்ணினார். ஆறு நிமிஷம் நாற்பது செகண்ட் என்று போன் சொல்கிறது. அப்போது அக்கா வாசலில் தண்ணீர் லாரிக்காரனோடு நின்றிருந்தாள். ஜன்னல் வழியே அப்பா தெரிந்தார். பேசிக்கொண்டே கையை முகத்துக்குக் கொண்டுபோனார். லாரிக்காரனை அனுப்பிவிட்டு, காபி போட்டு, சமாதானமாகப் போகலாம் என்று டம்ளரோடு உள்ளே போனபோது அப்பா நாற்காலியில் இருந்தார். போன் மடியில் இருந்தது.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக, மாதத்துக்கு ஒரு கைப்பிடியாக, அக்கா இந்த வருஷம் முழுக்கச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் முடிவில் ஒரே கேள்வி.

“அவர் சிரிச்சாரா, கண்ணைத் தொடச்சாரான்னு எனக்குத் தெரியல. கை மூஞ்சிக்குப் போச்சு, அவ்ளோதான் பார்த்தேன். உன்கிட்டதான் பேசினார். என்ன சொன்னார்?”

“எப்பவும் போலதான்கா. உடம்பைப் பார்த்துக்கோ, ஸ்வெட்டர் போட்டுக்கோன்னு சொல்வார்ல…”

“எப்பவும் சொல்றது எனக்கும் தெரியும்டா. அன்னைக்கு என்ன சொன்னார்? என்னைப் பத்தி எதுனா சொன்னாரா?”

அவர் போன் பண்ணியது மார்கழியில். என் மண்டைக்குள் சூரியன் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா பேசியிருக்கிறார், நான் பேசியிருக்கிறேன். ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. என்ன சாக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் விஷயம் இதுதான்: ஒரு மனிதரின் கடைசி ஆறு நிமிஷத்தை வாங்கி வைத்துக்கொள்ள உலகத்திலேயே ஒரே ஆளாக நான் இருந்தேன். தொலைத்துவிட்டேன்.

3

இருட்டு மாதங்களில் மனம் சோர்ந்துபோகும் இந்த நோய் எனக்கு முதல் பத்து வருஷம் வரவில்லை, அல்லது வந்தது தெரியவில்லை. தூக்கம் அதிகம், ரொட்டி அதிகம், பேச்சு கம்மி. என் மனைவி சுதா அதை என் சுபாவம் என்றே நினைத்திருந்தாள்.

டாக்டரிடம் முதன்முதலாகப் போனபோது, ‘மனசு சரியில்லை’ என்பதை அப்படியே அவர்கள் மொழிக்கு மாற்றிச் சொன்னேன். நம்மூரில் பால் திரிந்துபோனாலும் மனசு சரியில்லை என்போம். அந்த மொழியில் அது ‘எனக்குப் புத்தி பிசகிவிட்டது’ என்கிற மாதிரி போய் விழுந்திருக்க வேண்டும். டாக்டரம்மா கையிலிருந்த படிவத்தைக் கீழே வைத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து வேறொரு தடிமனான படிவத்தை எடுத்தார். அதிலிருந்து மீண்டு சாதாரணச் சோர்வுக்காரனாக இறங்கி வர அரைமணி நேரம் ஆயிற்று.

மருந்து என்று பார்த்தால் வெயில்தான். தாம்பரத்தில் ‘வெயில்ல நிக்காதே, கறுத்துப் போயிடுவே’ என்று வளர்க்கப்பட்ட எனக்கு இங்கே வெயில் மாத்திரையாக வருகிறது. அதோடு ஒரு விளக்கு. காலையில் அரைமணி நேரம் அதன் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முதல் நாள் பார்த்த சுதா, “ரிசப்ஷன்ல வீடியோக்காரன் லைட் அடிச்ச மாதிரி இருக்கு. பக்கத்துல வந்து நிக்கட்டுமா, மொய்க் கவர் யாராவது தருவாங்களா?” என்றாள். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் என்னை நாற்பது சதவீதம் நோயாளி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே அப்படி உண்டு. மீதி அறுபது சதவீதம் வேலைக்குப் போகும். எந்த அறுபது என்று மேலாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா அந்த நாற்பதில் இருக்கிறார் போல.

நாற்பது சதவீத நோயாளி ஐரோப்பாவைத் தாண்டிப் போக முன்னனுமதி கேட்க வேண்டும். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் ‘வெயில்’ என்று எழுதினேன். பிறகு நாகரிகம் கருதி அழித்துவிட்டு ‘தந்தைக்குச் செய்யும் சடங்கு’ என்று எழுதினேன். மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்தேன். கவர்ன்மென்ட் என்றால் எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று அக்காவிடம் வாய்கிழியப் பேசினேன். நான்காவது வாரம் பார்த்தால், விண்ணப்பம் என் கணினியிலேயே ‘அனுப்பப்படவில்லை’ என்ற பட்டையோடு உட்கார்ந்திருக்கிறது. திதிக்கு நான்கு நாள் இருந்தது.

“விடுடா, வீடியோல பண்ணிக்கலாம்” என்றாள் அக்கா. அவள் திட்டாததுதான் கஷ்டமாக இருந்தது. கஷ்டமாக இருந்திருக்க வேண்டும் என்று புரிந்தது, அவ்வளவுதான். இந்த மாதங்களில் எனக்கு எதுவும் நேராக வந்து தைப்பதில்லை. எங்கே தைத்திருக்க வேண்டும் என்று இடம் மட்டும் தெரியும்.

போன வருஷம் சாவுக்குப் போனபோதும் அப்படித்தான். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், சாவு வூட்டுக்குன்னு சொன்ன. மரம் மாதிரி குந்திகினு வர்ற. அழுதுடு சார், நான் வேணா பாட்டு ஆஃப் பண்ணிடறேன்” என்றார். பாட்டை அணைத்தார். தாம்பரம்வரை எனக்காக அமைதியாகக் காத்திருந்தார். வரவில்லை. பிறகு அவரே மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

வீட்டிலும் வரவில்லை. கொள்ளி வைத்தபோதும் வரவில்லை. மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கும் சித்தப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இவன் கண்ணும் எங்க மேடவாக்கம் மாதிரிதான்பா. போர்ல தண்ணி கிடையாது. லாரி சொல்லித்தான் வரவழைக்கணும்.”

சாவு வீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் அதில் ஒருவன்.

4

அக்கா கேட்டதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு சோதனைக்கு உட்கார வைத்தார். ஒரு வார்த்தை சொல்வார். அது சம்பந்தமாக ஒரே ஒரு நாள் நடந்த ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

“மழை” என்றார்.

“மழை பெய்தால் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடம் லீவு விடுவார்கள். அப்பா பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வருவார்.”

“இது எல்லா மழையும். ஒரு மழை சொல்லுங்கள்.”

“மழை நாட்களில்…”

“நாட்கள் வேண்டாம். நாள்.”

கிடைக்கவில்லை. கேட்டாரே என்று விடுமுறை, தீபாவளி, ரயில் எல்லாவற்றுக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். எல்லாமே போவோம், வருவோம், சாப்பிடுவோம். ஒன்றுகூட போனோம் இல்லை. கடைசியாக ‘அப்பா’ என்றார். “ஆறு பத்து ரயிலில் வருவார். சட்டையில் சணல் வாசனை அடிக்கும். வந்ததும் தொட்டியைப் பார்க்க ஏறுவார்” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

மனம் தாழ்ந்துபோனால் ஞாபகம் இப்படிப் பொதுவாகவே பதில் சொல்லுமாம். குறிப்பிட்ட ஒரு நாளைத் தொட்டால் வலிக்கும் என்று, தொடாமல் மேலாகவே சுற்றிக்கொண்டிருக்கும். பழகிவிட்டால் வலிக்காத நாட்களையும் தொடாது. அப்பாவின் பார்சல் ஆபீஸ் பாஷையில் சொன்னால், சரக்கு வந்திருக்கிறது, ஆனால் எந்த ரேக்கில் என்று கேட்காதே. தினம் சாயங்காலம் அன்று நடந்த ஒரே ஒரு விஷயத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இதில் ஒரு கோளாறை டாக்டரம்மாவால் பார்க்க முடியாது. தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். என் மகள் யாழினிக்குத் தெரிந்தது.

அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, “தாத்தா என்னை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவார்” என்று கதை சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நின்று, “எப்போ?” என்றாள். எனக்கு விளங்கவே நேரமாயிற்று. அவள் தமிழைச் சனிக்கிழமை வகுப்பில் இலக்கணமாகப் படித்தவள். போவார் என்றால் எதிர்காலம். நாளைக்குப் போவார். போன காலத்தின் வழக்கத்தைச் சொல்லவும் நாம் அதே போவாரைத்தான் வைத்திருக்கிறோம் என்று நான் விளக்கினேன். “அப்போ வரப்போறது எது, முடிஞ்சுபோனது எதுன்னு எப்படித் தெரியும்?” என்றாள். தெரியும், நமக்குத் தெரியும் என்றேன்.

இப்போது அவளுக்குப் பதினாறு. தமிழில் என்னோடு பேசுவது சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்கத்தான். போன மாதம், கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அப்பாவைப் பற்றி எழுதிவைத்திருந்த பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். நாற்பது பக்கம். சொல்வார், கேட்பார், ஏறுவார், வருவார். ஒரு இடத்தில்கூட ‘சொன்னார்’ இல்லை. தமிழை வகுப்பில் மட்டும் கற்ற யாராவது படித்தால், இந்த மனுஷர் அடுத்த ரயிலில் வரப்போகிறார் என்று நினைத்து ஷூவை மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

5

கோடையில் ஞாபகம் வந்துவிடும் என்றுதான் நம்பினேன். அக்காவிடமும் அதையே சொல்லியிருந்தேன். “வெயில் வரட்டும்கா, எல்லாம் ஞாபகம் வந்துடும்.” அவள் ஏப்ரலிலிருந்து தினம் கேட்டாள். “அங்க வெயில் எப்படிடா?” வேறு எதுவும் கேட்கமாட்டாள்.

கோடை வந்தது. இங்கே அது வந்தால் போகாது, ராத்திரி பகல் என்று பாராமல் காயும். எனக்கு நிஜமாகவே நாட்கள் திரும்பின. சானடோரியம் ஸ்டேஷனில் அப்பா என் கையிலிருந்த பன்னைக் குரங்குக்குக் கொடுத்துவிட்டு, நான் அழுததும் தன் கையிலிருந்ததை எனக்குக் கொடுத்த நாள் வந்தது. பன்னின் சூடுகூட வந்தது. அழுதேன், பரவாயில்லாமல் அழுதேன். போன் பண்ணி அக்காவிடம் சொன்னேன்.

“அது சரிடா. அந்த நாள்?”

அந்த நாள் வரவில்லை. அது மறந்துபோனதல்ல என்று ஆகஸ்டில் புரிந்தது. மறந்ததாக இருந்தால் வெயிலில் முளைத்திருக்கும். அந்த ஆறு நிமிஷம் என் காதில் விழுந்தது, உள்ளே எங்கும் பதியவில்லை. அப்பா சொல்வார், புக் ஆன பார்சல் தொலைந்தால் தேடலாம், புக் ஆகாத பார்சலை எங்கே போய்த் தேடுவது என்று. பார்த்தீர்களா, மறுபடியும் சொல்வார்.

அக்கா செப்டம்பரில் வெயிலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். தூங்குவதே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வழியாகத் தெரிந்தது. மாடிச் சாவியைக் கழுத்துச் செயினில் மாட்டிக்கொண்டிருக்கிறாளாம். தினம் அவளே ஏறித் தொட்டியைப் பார்க்கிறாளாம்.

அப்போதுதான் பொய் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

6

திதியன்று எங்கள் ஊர் நேரம் காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். சமையலறை மேஜையில் எள், தண்ணீர், பச்சரிசி, எதிரே லேப்டாப்பில் இரும்புலியூர். அங்கே வெயில் கூடத்துக்குள் அப்பாவின் நாற்காலிவரை வந்திருந்தது. என் முகம் இருட்டாக இருக்கிறது என்று ஐயர் குறைப்பட்டதால் அந்த மருத்துவ விளக்கைப் போட்டுக்கொண்டேன். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பா பெயரை, தாத்தா பெயரை, அவருடைய அப்பா பெயரைச் சொன்னேன். அவற்றை யாழினி தாளில் எழுதி என் முன்னால் வைத்திருந்தாள். சோற்றை பால்கனியில் வைத்தேன். காக்கை வந்தது. அதற்குள் சோறு உறைந்துவிட்டது. கொத்திப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனது.

ஐயர் கிளம்பிய பிறகு அக்கா தனியாகத் திரையில் வந்து உட்கார்ந்தாள். முந்தின நாளே சுதா என்னை எச்சரித்திருந்தாள். “சொல்றதுன்னா சுருக்கமா சொல்லுங்க. நீங்க ஜோடிக்க ஆரம்பிச்சா மாட்டிப்பீங்க.” எழுத்தாளனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

“அக்கா, ஞாபகம் வந்துடுச்சு.”

அவள் கை கழுத்துக்குப் போனது. சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

“காலைல நடந்த சண்டையைச் சொன்னார். ‘மல்லி ஏதோ கோவத்துல பேசிட்டாடா, அது எனக்குத் தெரியாதா? மாடி ஏறாதேன்னு என் நல்லதுக்குத்தானே சொல்றா. காபி கொண்டு வருவா பாரு, அப்போ பேசிக்கறேன்’னு சொன்னார். சொல்லிட்டு சிரிச்சார்.”

“சிரிச்சாரா?”

“சிரிச்சார்கா.”

அவள் முகம் ஒரு நிமிஷம் அப்படியே அவிழ்ந்துவிட்டது. ஒரு வருஷமாகப் பார்க்காத முகம். பொய்க்கு இவ்வளவு சக்தியா என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, மெதுவாகத் திரும்பக் கேட்டாள்.

“மல்லின்னா சொன்னார்?”

“ஆமா. மல்லின்னுதான்.”

மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாழினி என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். முதலில் விளங்கவில்லை. இரண்டாவது தடவை விளங்கியது. ‘பாப்பா.’

“மல்லின்னு அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லையேடா” என்றாள் அக்கா. கோபம் இல்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பையனிடம் பேசும் குரல். “பாப்பான்னுதான் கூப்பிடுவார். இந்த அம்பத்தேழு வயசுலயும் பாப்பாதான். லாரிக்காரன் எதிர்லகூட பாப்பாதான், மானம் போகும். ரிப்போர்ட் கார்டுல கையெழுத்து போடும்போதுதான் என் பேரே அவருக்கு ஞாபகம் வரும். மறந்துட்டியா?”

தேடிப் பார்த்தேன். அப்பாவின் வாயில் ‘பாப்பா’ என்ற சொல்லை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆறு நிமிஷத்தைத் தேடப் போனவன், ஐம்பது வருஷத்தையும் காணோம் என்று திரும்பி வந்தேன்.

“அக்கா…”

“விடுடா.” அவள் வெகுநேரம் அந்த நாற்காலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் நாற்காலியைத் தாண்டிச் சுவருக்குப் போயிருந்தது. பிறகு சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். “பரவாயில்ல. சொன்னதா வெச்சிக்கறேன்.”

“இல்லக்கா, நான்…”

“வெச்சிக்கறேன்னு சொன்னேன்ல. சுதா வடை பண்ணாளா? போய்ச் சாப்பிடு. ஆறிடும்.”

திரை அணைந்தது. விளக்கு மட்டும் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. யாழினி எழுந்து வந்து அதை நிறுத்தினாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று இந்த ஊர் மொழியில் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நோட்டை எடுத்தேன். டாக்டரம்மா சொன்ன ஒரு வரி. ‘இன்று அக்கா, சொன்னதா வெச்சிக்கறேன் என்று சொன்னாள்’ என்று எழுதினேன். இதில் சந்தேகமில்லை, வீட்டில் சாட்சி இருக்கிறது. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் இதைப் படிக்கும் ஆளுக்கு எந்த அக்கா, யார் எதைச் சொன்னதாக என்று விளங்குமா? அந்த ஆளை நம்புவதற்கில்லை. அதனால் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: ‘அக்கா பெயர் மல்லிகா. அப்பா அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்.’

பேனா நின்றது. கூப்பிடுவார் என்பதை அடித்துவிட்டு, ‘கூப்பிட்டார்’ என்று எழுதினேன்.

எழுதிய பிறகுதான் அப்பா செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் லேட். கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். மேடவாக்கம்தான். லாரி இன்னும் வரவில்லை.